கர்வ் ஆப்டிமைசரில் −30 வைத்தபின் சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட்: ரைசன் 5600எக்ஸைப் பாதுகாப்பாக ஓவர்கிளாக் செய்வது எப்படி?

மலைக்கோட்டைவாசி | மே 9, இரவு 10.15

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ரைசன் 5 5600எக்ஸ் பிராசசர், பி550 மதர்போர்டு, 3600 வேகத்தில் ஓடும் 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு, 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று கொண்ட டவர் கூலர், 550 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி). ஓவர்கிளாக் செய்ய, அதாவது ஆலை வைத்த வேகத்துக்கு மேல் ஓட்ட, ஒரு வீடியோவைப் பார்த்து, பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) பிபிஓவை (பிராசசரின் மின்திறன் வரம்புகளைத் தளர்த்தும் ஏஎம்டியின் வசதி) இயக்கி, லிமிட் என்ற இடத்தில் 'மதர்போர்டு' என்பதைத் தேர்ந்தெடுத்து, உச்ச வேகத்தில் 200 மெகாஹெர்ட்ஸ் கூட்டி, மின்னழுத்தத்தைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோர்களுக்கும் −30 கொடுத்தேன். சினிபெஞ்ச் ஆர்23 என்ற வேகச் சோதனை அரை மணி நேரம் ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது. விளையாட்டுகளும் மணிக்கணக்கில் ஓடுகின்றன. ஆனால் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருக்க, நான் எதையும் தொடாமல் இருக்கும்போது, திரை சட்டென்று கறுத்துக் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. இரண்டு வாரத்தில் இது மூன்று முறை நடந்துவிட்டது. பளுவைத் தாங்குகிற பிராசசர் சும்மா இருக்கும்போது ஏன் விழ வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. நண்பர் ஒருவர், இந்த வேலையெல்லாம் வேண்டாம், 1.40 வோல்ட் கொடுத்து 4.7 கிகாஹெர்ட்ஸில் பூட்டிவிடு என்கிறார். எது பாதுகாப்பானது? சினிபெஞ்ச் ஓடியபோது வெப்பநிலை 91 டிகிரி வரை போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வயல்வெளி | மே 9, இரவு 10.52

இது எஸ்எம்பிஎஸ் கோளாறாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. பழைய எஸ்எம்பிஎஸ் சில, ரைசன் ஆழ்ந்த தூக்க நிலைக்குப் போய் மின்னோட்டம் மிகவும் குறையும்போது தடுமாறும். பயாஸில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்ற அமைப்பு இருந்தால் அதை 'டிபிக்கல் கரன்ட் ஐடில்' என்று மாற்றிப் பாருங்கள்.

செம்புக்குழாய் | மே 10, காலை 6.30

வயல்வெளி சொல்வது உண்மையான ஒரு கோளாறுதான். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் பார்க்க வேண்டியது, பிழைகளின் பதிவைக் காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வியூவர். அதில் 'சிஸ்டம்' பகுதியைத் திறந்து, ரீஸ்டார்ட் ஆன நேரத்தை ஒட்டி 'வியா லாகர்' என்ற பெயரில் 18ஆம் எண் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதனுள் 'பிராசசர் ஏபிஐசி ஐடி' என்று ஓர் எண் இருக்கும். மூன்று முறையும் என்ன எண் வந்தது என்று எழுதி அனுப்புங்கள். அதுவரை எஸ்எம்பிஎஸ் வாங்கப் பணம் செலவழிக்காதீர்கள், 4.7இல் பூட்டவும் வேண்டாம்.

மலைக்கோட்டைவாசி | மே 10, இரவு 9.05

பார்த்தேன் ஐயா. மூன்று முறையும் 18ஆம் எண் பதிவு இருக்கிறது. 'கேஷ் ஹையரார்க்கி எரர்' என்று எழுதியிருக்கிறது. எண்கள் முறையே 2, 2, 7.

செம்புக்குழாய் | மே 10, இரவு 11.40

அந்தப் பதிவு பிராசசர் தனக்குள்ளேயே கண்ட பிழையைச் சொல்வது; அப்படியானால் எஸ்எம்பிஎஸ் மீது பழி இல்லை. ஒவ்வொரு கோருக்கும் இரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை), ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் என்பதால் அந்த எண்ணை இரண்டால் வகுத்து மீதியை விட்டுவிட்டால் கோரின் எண் கிடைக்கும். உங்கள் கணினியில் 1ஆம் கோர் இருமுறையும் 3ஆம் கோர் ஒருமுறையும் விழுந்திருக்கின்றன. ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் மென்பொருளைத் திறந்து பாருங்கள். இந்த இரண்டில் ஒன்றின் மேலாவது, சிறந்த கோர் என்பதைக் காட்டும் நட்சத்திரக் குறி இருக்கும் என்று நினைக்கிறேன்.

பளுவில் நிற்பது சும்மா இருக்கும்போது ஏன் விழுகிறது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு வேகத்துக்கும் எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்ற ஒரு வளைகோட்டைத் தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு கோருக்கும் எழுதி அனுப்புகிறார்கள். கர்வ் ஆப்டிமைசர் அந்தக் கோட்டைக் கீழே இறக்குகிறது. ஒரு படி என்பது ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட். ஆகவே −30 என்றால் 90 முதல் 150 மில்லிவோல்ட் வரை பறித்துவிட்டீர்கள் என்று பொருள். சினிபெஞ்ச் ஆறு கோர்களையும் ஒன்றாக வேலை வாங்கும்போது, வாட் வரம்பும் வெப்பமும் சேர்ந்து பிராசசரை 4.5 அல்லது 4.6 கிகாஹெர்ட்ஸ் அளவில் நிறுத்திவிடுகின்றன. அந்த வேகத்துக்குக் குறைத்த மின்னழுத்தமும் போதும். ஆனால் கணினி சும்மா இருக்கும்போது பின்னணியில் ஏதோ ஒரு சிறு வேலை வருகிறது, ஒரு கோர் மட்டும் விழித்துக்கொண்டு ஒரு நொடியின் சிறு பகுதிக்கு 4.85 கிகாஹெர்ட்ஸுக்குத் தாவுகிறது. (ஆலை அமைப்பில் இந்த பிராசசரின் ஒற்றைக் கோர் உச்சம் 4.65, நீங்கள் கூட்டிய 200 அதன் மேல்.) அந்தத் தாவலுக்குத் தேவையான மின்னழுத்தத்தை நீங்கள்தான் எடுத்துவிட்டீர்கள். ஆகவே உங்கள் கோர் விழுவது அதன் உச்ச வேகத்தில். அந்த வேகத்தை அது தொடுவதே மற்ற கோர்கள் உறங்கும்போதுதான்.

சினிபெஞ்ச் அரை மணி நேரம் ஓடியது என்பதை நிலைத்தன்மைக்குச் சான்றாகக் காட்டும் வீடியோக்கள் மீது எனக்கு நீண்ட காலமாகவே வருத்தம் உண்டு. அது கூலரைச் சோதிக்கிறது; கர்வ் ஆப்டிமைசரை ஏறக்குறைய தொடுவதேயில்லை.

இதற்கென்றே கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. பிரைம்95 என்ற கடினமான கணக்குச் சோதனையை ஒரு நேரத்தில் ஒரே கோரில் மட்டும் ஓட்டி, சில நிமிடங்களுக்குப் பிறகு அடுத்த கோருக்கு மாற்றும். இரவு முழுவதும் விட்டுவிட்டு உறங்கப் போகலாம். காலையில் எந்தக் கோர் பிழை காட்டியது என்று பெயர் சொல்லியே சொல்லிவிடும். முதலில் அந்த 200 மெகாஹெர்ட்ஸை எடுத்துவிட்டுப் பூஜ்யத்தில் தொடங்குங்கள். எல்லாக் கோர்களுக்கும் −15 கொடுங்கள். பிழை காட்டும் கோரை மட்டும் மூன்று அல்லது நான்கு படி மேலே (பூஜ்யத்தை நோக்கி) ஏற்றுங்கள், காட்டாதவற்றை இரண்டிரண்டாக இறக்குங்கள். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள்.

வயல்வெளி | மே 11, காலை 7.20

என் ஊகம் தவறு, விளக்கத்துக்கு நன்றி. ஆனால் ஓர் ஐயம். மின்னழுத்தத்தைக் குறைப்பதால் பிராசசருக்குச் சேதம் வராது அல்லவா? அப்படியென்றால் விழுந்து விழுந்து எழுந்தாலும் ஆபத்தில்லையே.

செம்புக்குழாய் | மே 11, காலை 8.00

பிராசசருக்குச் சேதம் வராது, கோப்புகளுக்கு வரும். எழுதிக்கொண்டிருக்கும்போது விழுந்தால் விண்டோஸ் கோப்பு ஒன்று பாழாகலாம். அதைவிட மோசமானது, விழாமலே தவறாகக் கணக்கிடுவது. அது நமக்குத் தெரியவே தெரியாது. ஆகையால் முதல் மாற்றத்தைச் செய்வதற்கு முன்பே முக்கியமானவற்றை வெளி டிஸ்கில் நகலெடுத்து, அந்த டிஸ்கைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிட வேண்டும்.

பழைய சாக்கெட் | மே 11, மாலை 5.45

நண்பரின் '4.7இல் பூட்டிவிடு' யோசனையைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. அது எங்கள் தலைமுறையின் பழக்கம் என்பதால் நானே பேசுகிறேன்.

1998இல் வந்த செலிரான் 300ஏ 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் (பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் தடம்) 300 மெகாஹெர்ட்ஸ் ஓடுவது. பஸ்ஸை 100 ஆக்கினால், மல்டிபிளையர் (பஸ் வேகத்தைப் பெருக்கும் எண்) 4.5 என்பதால், அதே சில்லு 450இல் ஓடியது. ஐம்பது சதவீதம் இலவசம்! 2011 ஜனவரியில் ஐ5 2500கே வந்தபோது பஸ்ஸைத் தொட முடியாமல் போயிற்று. 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரம் பிசிஐ எக்ஸ்பிரஸ் முதலான எல்லாவற்றோடும் பிணைந்திருந்தது. ஆனால் மல்டிபிளையரை 45 ஆக்கினால் போதும், 3.3 என்று எழுதியிருந்த பிராசசர் 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும். என்னுடையது 1.30 வோல்ட்டில் 4.4இல் எட்டு ஆண்டு உழைத்தது. அந்தக் காலத்தில் ஆலை நமக்காக நிறைய மிச்சம் வைத்திருந்தது. இன்றைய பிராசசர் அந்த மிச்சத்தைத் தானே நொடிக்கு நொடி அளந்து எடுத்துக்கொள்கிறது. 5600எக்ஸின் பெட்டியில் 3.7 என்று எழுதியிருந்தாலும், ஒற்றை வேலையில் அது 4.65 வரை தானாகவே போகிறது. அதை 4.7இல் பூட்டினால் அன்றாட வேலைகளில் உங்களுக்குக் கிடைப்பது 50 மெகாஹெர்ட்ஸ்தான்.

அதற்குக் கொடுக்கும் விலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். பிராசசர் தின்னும் மின்திறன், வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறும். எல்லாக் கோர்களும் 1.20 வோல்ட்டில் 4.2 கிகாஹெர்ட்ஸ் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 1.40ஐ 1.20ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.36, வேகம் 1.12 மடங்கு, இரண்டையும் பெருக்கினால் 1.52. பன்னிரண்டு சதவீத வேகத்துக்காக ஐம்பத்திரண்டு சதவீதம் கூடுதல் வெப்பம். கசிவு மின்னோட்டம் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. அது சூடு ஏற ஏறக் கூடும். ஒற்றை விசிறிக் கூலர் இதைத் தாங்காது.

யாழ்நிலவன் | மே 11, இரவு 8.30

ஒரு குழப்பம் இருக்கிறது. என்னுடைய 5600எக்ஸில் நான் எதையுமே மாற்றவில்லை; ஆனாலும் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற அளவீட்டு மென்பொருள் சில வேளைகளில் 1.45 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. ஆலையே அவ்வளவு கொடுக்கும்போது 1.40 எப்படி ஆபத்தாகும்?

செம்புக்குழாய் | மே 11, இரவு 10.10

இந்த இழையில் கேட்கப்பட்டவற்றுள் மிக நல்ல கேள்வி இதுதான். நீங்கள் பார்க்கும் 1.45, ஒரே கோர் குறைந்த மின்னோட்டத்தில் ஒரு கணம் தாவும்போது வருவது. எல்லாக் கோர்களும் உழைக்கத் தொடங்கியதும் பிராசசர் தானே அதை 1.2, 1.3 என்று இறக்கிவிடும். சில்லினுள் இருக்கும் நுண்ணிய கம்பிகளைத் தேய்ப்பது மின்னழுத்தம் மட்டுமன்று. மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பம் மூன்றும் ஒரே நேரத்தில் உயர்வதுதான் கொல்லும். கையால் 1.40இல் பூட்டும்போது, ஆறு கோர்களும் முழு மின்னோட்டம் இழுக்கும் நேரத்திலும் அந்த 1.40 அப்படியே நிற்கிறது. பூட்டுவதானால், தினமும் ஓடும் கணினியில் நான் 1.30ஐத் தாண்டமாட்டேன்.

இன்னொன்று, பயாஸில் உள்ள எல்எல்சி என்ற அமைப்பு. பளு ஏறும்போது மின்னழுத்தம் சற்று தாழ்வது இயல்பு. வடிவமைப்பிலேயே அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அந்தத் தாழ்வு பிடிக்காதவர்கள், அதை ஈடுகட்டும் எல்எல்சியை உச்சத்தில் வைப்பார்கள். அப்போது பளு திடீரென்று நீங்கும் கணத்தில் மின்னழுத்தம் நீங்கள் எழுதிய எண்ணையும் தாண்டித் துள்ளும். அந்தத் துள்ளல் அவ்வளவு குறுகியது என்பதால் எந்த மென்பொருளும் அதைக் காட்டாது, ஆஸிலோஸ்கோப்பில்தான் தெரியும். நடுத்தர நிலையே போதும்.

ஸ்கார்பரோவாசி | மே 11, இரவு 11.55

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். கோடையில் நான் வாரக்கணக்கில் சோதித்து முடித்த கர்வ் அமைப்பு, ஜனவரியில் காலை வேளையில் மட்டும் விழுந்தது. அறை 17 டிகிரியில் இருந்ததால், குளிர்ச்சியைக் கண்ட பிராசசர் கோடையில் தொடாத உச்சத்தைத் தொட்டிருக்கிறது. பழைய ஓவர்கிளாக் வெயிலில் விழும். இந்த வகை குளிரிலும் விழலாம்.

மலைக்கோட்டைவாசி | மே 12, காலை 9.10

இங்கே எதிர்ச் சிக்கல். நேற்றுப் பிற்பகல் அறையில் வெப்பமானி வைத்துப் பார்த்தேன், 36 டிகிரி. வீடியோக்காரர் குளிரூட்டிய அறையில் இருந்திருப்பார் போலும்.

செம்புக்குழாய் | மே 12, காலை 10.00

அறையின் வெப்பம் அப்படியே பிராசசரின் மேல் ஏறும். 22 டிகிரி அறையில் 77 காட்டிய கூலர் உங்கள் அறையில் 91 காட்டுவதில் வியப்பில்லை. கூலர் இரண்டு இடத்திலும் 55 டிகிரி வேறுபாட்டைத்தான் காக்கிறது. 5600எக்ஸின் வரம்பு 95; அதைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எரிந்துவிடாது. ஆனால் அந்த ஓரத்தில் தினமும் நடத்துவது முறையன்று.

அதனால்தான் லிமிட்டில் 'மதர்போர்டு' என்பதை உடனே மாற்றுங்கள். ஆலை அளவு மின்திறனுக்கு 76 வாட், நீடித்த மின்னோட்டத்துக்கு 60 ஆம்பியர், கண நேர உச்சத்துக்கு 90 ஆம்பியர். 'மதர்போர்டு' என்றால் அந்த மூன்றையும் ஏறக்குறைய அவிழ்த்துவிட்டோம் என்று பொருள். பிராசசர் 100 வாட்டைத் தாண்டிப் போகும், மதர்போர்டில் பிராசசருக்கு மின்னழுத்தத்தை மாற்றித் தரும் விஆர்எம் பகுதியும் அதற்கேற்பச் சுடும். கையால் 88 வாட் என்று எழுதிப் பாருங்கள். 76இலிருந்து 88க்குப் போகும்போது கிடைக்கும் வேகம் கண்ணுக்குத் தெரியும். 88இலிருந்து 115க்குப் போகும்போது விசிறிச் சத்தம்தான் கூடும்.

மட்டுறுத்துநர் | மே 12, பகல் 12.20

இழையைப் படிக்கும் புதியவர்களுக்கு ஒரு குறிப்பு. ஓவர்கிளாக்கால் விளையும் சேதத்தை ஏஎம்டியின் வாரண்டி ஏற்பதில்லை. பிபிஓவும் அதில் அடங்கும். செய்வது உங்கள் பொறுப்பு.

யாழ்நிலவன் | மே 12, மாலை 6.15

ஓவர்கிளாக் செய்யாதவர்களுக்குப் பாதுகாப்பு உறுதி என்றும் சொல்ல முடியவில்லையே. இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறைகளில் ஆலை அமைப்பிலேயே ஓடியவையும் கெட்டுப்போயின.

பழைய சாக்கெட் | மே 12, இரவு 7.50

உண்மைதான். பிராசசர் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கியது. மதர்போர்டுகளின் தாராளமான வரம்புகளும் அதற்குத் துணைபோயின. 2024 ஆகஸ்டில் வந்த மைக்ரோகோட் (பிராசசரின் உள் நிரலுக்கான புதுப்பிப்பு), 1.55 வோல்ட்டுக்கு மேல் போகாமல் கட்டியது. இன்டெல் வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. ஏற்கெனவே தேய்ந்த சில்லு திரும்பி வரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டுகளில் சில பிராசசர்கள் கருகியபோதும், ராமை வேகமாக ஓட்டும் எக்ஸ்போ அமைப்பை இயக்கினால் போர்டு தானாகவே எஸ்ஓசி மின்னழுத்தத்தை (பிராசசரினுள் ராமைக் கையாளும் பகுதிக்கானது) ஏற்றியது தெரியவந்து, அதை 1.3 வோல்ட்டில் கட்டினார்கள். 'ஆட்டோ' என்று எழுதியிருக்கும் இடத்தில் போர்டு தயாரித்தவரின் விருப்பம் ஒளிந்திருக்கிறது. ஆகவே பயாஸைப் புதுப்பித்த பிறகு ஒவ்வொரு முறையும் எச்டபிள்யூஇன்ஃபோவில் உண்மையான எண்ணைப் பார்ப்பது என் வழக்கம்.

செம்புக்குழாய் | மே 12, இரவு 9.30

ராமைப் பற்றிய பேச்சு வந்ததால் சொல்கிறேன்: ராமை அதன் பெட்டியில் சொன்ன வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியும் ஓவர்கிளாக்தான். மலைக்கோட்டைவாசி, கர்வைத் தொடுமுன் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஓரிரவு ஓட்டி, 3600 வேகமும் 1800இல் எஃப்கிளாக்கும் (பிராசசரின் உள் இணைப்பின் வேகம்) பிழையின்றி நிற்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் ராமின் பிழைக்கு ஒரு பாவமும் அறியாத கோரைத் தண்டித்துக்கொண்டிருப்பீர்கள். பயாஸே வராத நிலை ஏற்பட்டால் பதற வேண்டாம். மின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் 'கிளியர் சிமாஸ்' என்று எழுதியுள்ள இரண்டு ஊசிகளை ஸ்க்ரூ டிரைவர் முனையால் பத்து வினாடி தொட்டு இணைத்தால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். அந்த ஊசிகள் எங்கே இருக்கின்றன என்பதை இப்போதே பார்த்து வையுங்கள். கிராபிக்ஸ் கார்டு பல போர்டுகளில் அவற்றை மறைத்துக்கொண்டிருக்கும்.

மலைக்கோட்டைவாசி | ஜூன் 6, இரவு 10.30

தாமதமாக வருவதற்கு மன்னிக்கவும். ஒன்பது இரவுகள் கோர்சைக்ளர் ஓடியது. மெம்டெஸ்ட் பிழையின்றி முடிந்தது. நீங்கள் சொன்னபடியே 1ஆம் கோரின் மேல் நட்சத்திரம் இருந்தது. அது −15இலும் இரண்டாம் நிமிடத்தில் விழுந்தது. −11இலும் ஒருமுறை விழுந்து, கடைசியில் −7இல் நின்றது. 3ஆம் கோர் −12. மற்ற நான்கில் இரண்டு −22, ஒன்று −24. 5ஆம் கோர் மட்டும் −30இலும் அசையவில்லை, அதை −27இல் வைத்தேன். மிகச் சிறந்த கோருக்குத்தான் மிகக் குறைவாகக் குறைக்க முடிகிறது என்பது முதலில் தலைகீழாகத் தோன்றியது. ஆலையே அதற்கு மிச்சம் வைக்காமல் உச்ச வேகத்துக்கு இழுத்து வைத்திருக்கிறது என்று பிறகு விளங்கிற்று. 200 மெகாஹெர்ட்ஸ் கூட்டியதை எடுத்துவிட்டேன். பிறகு 50 மட்டும் கூட்டி மறுபடி மூன்று இரவு சோதித்தேன், நின்றது.

வரம்பு 88 வாட். அதே 36 டிகிரி அறையில் சினிபெஞ்ச் ஓடும்போது இப்போது 79 டிகிரி. பல கோர் மதிப்பெண் எதையும் தொடாதபோது 10,980, −30 வைத்திருந்தபோது 11,890, இப்போது 11,640. ஆலை அமைப்பைவிட ஆறு சதவீதம் மேல், வெப்பமோ முன்பைவிட 12 டிகிரி குறைவு. மூன்று வாரமாக ஈவென்ட் வியூவரில் 18ஆம் எண் ஒன்றுகூட இல்லை. இழந்த 250 மதிப்பெண்ணைப் பற்றி எனக்கு வருத்தமில்லை, நண்பருக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

பழைய சாக்கெட் | ஜூன் 7, காலை 6.05

ஒன்பது இரவா! நான் 2011இல் ஒரு பிற்பகலில் முடித்தேன். வாழ்த்துகள் தம்பி.

செம்புக்குழாய் | ஜூன் 7, காலை 7.40

நல்ல எண்கள். பயாஸ் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பயாஸ் புதுப்பிப்பில் ஆறு கோர்களின் எண்ணும் அழிந்துவிடும். டிசம்பரில் குளிர் காலை ஒன்றில் 1ஆம் கோர் மீண்டும் பிழை காட்டினால் இரண்டு படி ஏற்றிவிடுங்கள், அவ்வளவுதான்.

மலைக்கோட்டைவாசி | ஜூன் 7, இரவு 8.20

படம் எடுத்ததோடு, ஆறு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கேபினெட்டின் பக்கத் தகட்டின் உட்புறம் ஒட்டிவிட்டேன். கிளியர் சிமாஸ் ஊசிகள் நீங்கள் சொன்னது போலவே கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில்தான் இருக்கின்றன.